அப்பாவின் கடைவாசல்

குளிர்கால மதியங்களில் லோதி ரோடு அலுவலகப் புல்வெளியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார்கள். எங்கள் சூப்பிரண்டெண்ட் அம்மா மட்டும் சற்றுத் தள்ளி, வெயிலுக்கு முதுகைக் காட்டியபடி தனியே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார். மதுரைக்காரர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. நான் வேலையில் சேர்ந்த புதிது. தமிழ் பேச ஆள் கிடைக்குமே என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பொங்கலுக்கு ஊருக்குப் போகலையா மேடம்?" என்று கேட்டேன். "அங்க எனக்கு யாரும்மா இருக்கா?" என்றவர், பிறகு தானாகவே சொன்னார்.

அவருடைய அப்பாவுக்கு ஜவுளிக்கடை. சீமைத் துணிதான் வியாபாரம். சுதந்திரப் போராட்டத்தில் அந்நியத் துணி மறியல் நடந்தபோது மேடத்துக்குப் பதினெட்டு வயது; அவரும் தொண்டராகச் சேர்ந்தார். தொண்டர்கள் யாரையும் திட்டக்கூடாது, கை ஓங்கக்கூடாது, அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், கோர்ட்டில் எதிர்வாதம் செய்யக்கூடாது. ஊரார் கடைகளை மறித்துவிட்டு அப்பா கடையை மட்டும் விட்டுவிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஒருநாள் காலை அந்த வாசலில் குறுக்கே படுத்துவிட்டார். துணி எடுக்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அப்பா வெளியே வந்து, "எந்திரி" என்றார்.

"சீமைத் துணி விக்க மாட்டேன்னு சொல்லுங்கப்பா, எந்திரிக்கிறேன்."

அப்பா மகளைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போய்விட்டார். பிறகு போலீஸ் வந்தது. ஆறு மாதம் சிறை. விடுதலையான அன்று தொண்டர்கள் மாலையோடு நின்றார்கள்; வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. படித்து, வேலை கிடைத்து, டெல்லிக்கு வந்தார். அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள், அவர் இறக்கும்வரை, பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன.

"செஞ்சது தப்புன்னு நினைக்கிறீங்களா மேடம்?"

"இல்லம்மா. இன்னைக்கும் படுப்பேன். என்னை இழுத்துட்டுப் போன போலீஸ்காரன் மேலகூட எனக்குக் கோபம் வரலை. ஆனா அப்பா தாண்டிப் போனப்ப அவர் வேட்டி என் முகத்துல உரசுச்சு. அதுதான் கடைசி."

பியூன் டீக்குக் கூப்பிட வந்து, "மேடம்ஜி, சாய்" என்றார். "அச்சா பையா" என்று அவருக்குச் சரி சொல்லி, மேடம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சில வருடங்கள் கழித்து அவர் இறந்தபோது, மயானத்துக்கு அலுவலகத்திலிருந்து நாலு பேர் போனோம். உறவென்று ஒருவரும் இல்லை.

அவர் அன்றிருந்த வயதைவிட எனக்கு இப்போது அதிகம். நானும் டெல்லியில் தனியாகத்தான் இருக்கிறேன். மகன் எனக்குப் பிடிக்காத திருமணம் செய்துகொண்டான். மூன்று வருடம் அவன் போனை நான் எடுக்கவே இல்லை. பிறகு அவனும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

இன்று நானாகக் கூப்பிட்டேன். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை எடுத்தான்.

"ஹலோ, கௌன்?"

யார் என்று இந்தியில் கேட்கிறான். என் எண்ணை அழித்துவிட்டிருக்கிறான்.

"அம்மாடா" என்றேன்.

 அவன் போனை வைக்கவில்லை.