நேற்று என்ன செய்தீர்கள்?

சிதம்பரம் மேல வீதியில், ஒரு வளையல் கடைக்கு மேலே மாடியில் அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. 2008-இல் நானும் என் வீட்டுக்காரரும் அதில் சேர்ந்தோம். கணவனும் மனைவியுமாக வந்தால் ஒருவருக்குப் பாதிக் கட்டணம் என்று போர்டு வைத்திருந்தார்கள். பாதி விலைக்கு எது கிடைத்தாலும் நான் விடமாட்டேன், அது எங்கள் தெருவுக்கே தெரியும்.

உண்மையில் இங்கிலீஷ் தேவைப்பட்டது அவருக்குத்தான். செம்மங்குப்பத்தில் ஒரு சாயக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். தினமும் காலையில் கடலூர் பஸ் ஏறிப் போய் சாயங்காலம் திரும்புவார். ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்கப் போகிறார்கள், அதற்கு இங்கிலீஷ் பேச வரவேண்டும் என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் நான் என் தம்பிக்குப் போன் போட்டேன். "மாமா இனிமே பெரிய ஆபீசருடா, பாத்து மரியாதையா பேசு" என்றேன். அந்த நம்பிக்கையில்தான் மகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வகுப்பில் வாத்தியார் முதலில் பிடித்துக்கொண்டது சிம்பிள் பாஸ்ட். தினமும் ஒவ்வொருவராக எழுந்து, நேற்று என்ன செய்தோம் என்று ஐந்து வாக்கியம் சொல்லவேண்டும். தப்பில்லாமல் சொன்னால் எல்லோரும் கைதட்டுவோம். நடுவில் தமிழ் பேசிவிட்டால் வகுப்பு முடியும்வரை நிற்கவேண்டும். இவ்வளவுதான் சட்டம். ஆனால் எங்கள் இருபது பேருக்கும் ஒரே நேற்றுதான் இருந்தது. எழுந்தேன், பல் தேய்த்தேன், குளித்தேன், இட்லி சாப்பிட்டேன், தூங்கினேன். இதையே மனப்பாடம் செய்து வந்து ஒப்பிப்போம். நான் ஒருநாள் வீட்டில் உப்புமா தின்றுவிட்டு வந்து இட்லி என்றுதான் சொன்னேன், உப்புமாவைச் சொல்லப்போய் வாய் குளறிவிட்டால் என்ன செய்வது?

ஆடி மாதத்தில் ஒருநாள் வாத்தியாருக்கே பொறுக்கவில்லை. "இன்னிக்கி யாரும் பல்லு தேய்க்கக் கூடாது, குளிக்கக் கூடாது. மெய்யா என்னா நடந்துதோ அத சொல்லுங்க" என்றார். எல்லோரும் விழித்தோம். எனக்கு முன்னால் என் வீட்டுக்காரரின் முறை. ஆண்கள் பக்கத்து பெஞ்சிலிருந்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்துப் பேசினார்.

"எஸ்டர்டே ஐ காட் டவுன் அட் புதுச்சத்திரம்."

புதுச்சத்திரம் நாங்கள் பஸ்ஸில் தாண்டிப் போகிற ஊர், கம்பெனிக்குப் பாதி வழி. சரி, மனிதர் ஏதோ கதை கட்டிவிடுகிறார் என்று நினைத்தேன்.

"ஐ சாட் இன் த ஸ்டேஷன். நோ டிரெயின் கேம்."

வகுப்பே சிரித்தது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அகலப் பாதை போடுவதற்காக எங்கள் பக்கத்தில் ரயிலையே நிறுத்தி, பழைய தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டிருந்த காலம் அது. அங்கே போய் உட்கார்ந்தால் ரயில் எப்படி வரும்? வீட்டில் வாயைத் திறக்காத மனுஷன் வகுப்பில் இப்படி ஜோக் அடிக்கிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"ஐ ஏட் மை லஞ்ச் அலோன். ஐ வாஷ்டு த டிபன் பாக்ஸ்."

ஐந்தும் தப்பில்லாமல் வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். என் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

டிபன் பாக்ஸ். பல வருஷமாக அவருடைய டிபன் பாக்ஸ் தயிர் காய்ந்து, மூடி ஒட்டிக்கொண்டுதான் வீடு வந்து சேரும். கம்பெனியில் பாக்ஸ் கழுவ எங்கே நேரம் என்பார். சித்திரை வருஷப் பிறப்பையொட்டி அது திடீரென்று பளபளவென்று கழுவி வர ஆரம்பித்தது. நான் பூரித்துப்போனேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டி, "பாருடி, எங்க மாமா திருந்திட்டாரு" என்று பீற்றிக்கொண்டேன். கட்டிவிட்ட கதையில் டிபன் பாக்ஸ் வராது. இந்த மனுஷன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு முன்னால், இத்தனை பேருக்கு நடுவில், எனக்குச் சரியாக வராத பாஷையில்.

"நெக்ஸ்ட்" என்றார் வாத்தியார். நான் எழுந்தேன். வாயில் இட்லிகூட வரவில்லை. "சொல்லுங்க மேடம், நேத்து என்னா செஞ்சீங்க?" என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. பெஞ்சுகளைத் தாண்டி ஆண்கள் பக்கம் பார்த்து, "எத்தினி நாளா மாமா?" என்றேன்.

தமிழ் பேசிவிட்டேன் என்று யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாத்தியார் கையைக் காட்டி அடக்கினார். என் வீட்டுக்காரர் குனிந்தபடியே, "பிஃபோர் சித்திரை" என்றார். அப்போதும் தமிழில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் உட்காரவில்லை. சட்டப்படி வகுப்பு முடியும்வரை நின்றேன். நின்றதில்தான் ஒவ்வொன்றாக உறைத்தது. வகுப்பில் சேர்ந்ததே சித்திரைக்கு அப்புறம். அப்படியானால் அதற்கு முன்பே வேலை போயிருக்கிறது, ஷிஃப்ட் இன்சார்ஜ் என்பதே கிடையாது, வேறெங்கோ இன்டர்வியூவுக்குத்தான் இங்கிலீஷ். அப்படியானால் மகளின் பள்ளிக்கூடம்? மாசம் பிறந்ததும் சம்பளம் என்று கொடுத்தாரே, அது? கோபம்கூட வரவில்லை, பயமாக இருந்தது.

வீட்டில் மகள் இருந்ததால் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அவர் வழக்கம்போலக் குளித்து, கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலில் போய் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் பழக்கத்தில் நின்றார் என்றுதான் நினைக்கிறேன். நான் எலுமிச்சை சாதம் இரண்டு பேருக்குக் கட்டினேன். "நானும் வரேன்" என்றேன். அவர் டிபன் பாக்ஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் சீட்டுக்கு வந்தார். நான் பர்ஸைத் திறப்பதற்குள், என் வீட்டுக்காரரிடம் எதுவுமே கேட்காமல், "இன்னிக்கி ரெண்டு புதுச்சத்திரமா சார்?" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார்.

முந்தின நாள் அதிர்ச்சி எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கண்டக்டருக்குத் தெரிந்திருக்கிறது. முன் சீட்டில் இருந்த பூக்காரம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அந்த பஸ்ஸுக்கே தெரிந்திருக்கிறது. ஒரே பாயில் படுக்கிற எனக்குத் தெரியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஸ்டேஷனில் ஒரு சிமெண்ட் பெஞ்ச், ஒரு வேப்பமரம், ஓரத்தில் ஒரு அடி பம்பு. எதிரே தண்டவாளம் இருந்த இடத்தில் ஜல்லி மட்டும் கிடந்தது. அவர் பெஞ்சின் ஒரு கோடியில் துண்டால் தட்டிவிட்டு எனக்கு இடம் விட்டார். பிறகு பேசினார், தமிழில்.

"பங்குனியில ஒருநா கம்பெனி கேட்டுலியே நிறுத்திட்டாங்க. பதினேழு பேரு. கணக்க முடிச்சி கையில குடுத்துட்டாங்க. அத பிரிச்சிதான் மாசாமாசம் குடுத்தேன். ஒங்கிட்ட சொல்லணும்னுதான் தெனம் சாயங்காலம் இங்கேர்ந்து கெளம்பி வருவேன். நீ தெருவுல எல்லாருகிட்டயும் இன்சார்ஜ், இன்சார்ஜ்னு சொல்லிக்கிட்டு இருந்த. அப்பறம் எப்பிடி சொல்லுவேன்?"

எனக்குச் சுருக்கென்றது. அழுகையும் வந்தது. "சாப்புடலாம் மாமா" என்றேன். மதியம்கூட ஆகவில்லை. சாப்பிட்டோம். முடிந்ததும் அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பம்பை நோக்கிப் போனார். கை தன்பாட்டில் பம்பை அடிக்க ஆரம்பித்தது.

"அத அப்பிடியே வைங்க" என்றேன். "வீட்ல நான் கழுவிக்கிறேன்."