றெஜினா அக்காவுக்கு நான் சொன்ன பொய்

சார்செல்லில் ரயில் ஏறிய சற்று நேரத்தில் றெஜினா அக்காவின் மகள் அழைத்தாள். "அன்ரி, அம்மா காலமை எங்களை விட்டுப் போயிட்டா." பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் இறங்கவேண்டியவள், இறங்காமல் அடுத்த நிலையம்வரை போய்விட்டேன்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவரிடம் சட்டை தைத்தவர்களுக்கு அவரின் கையும் தெரியும், வாயும் தெரியும். பன்னிரண்டு வருடம் பக்கத்து மெஷினில் இருந்தவள் நான். ஒருநாள் ஒரே சட்டைக்கு இரண்டு கைகளையும் இடப்பக்கக் கையாகவே வெட்டிவிட்டார். பேசாமல் சரிசெய்யப் போனேன். "விடு. இது மூண்டாந்தரம். எனக்கு என்னவோ நடக்குது" என்றவர், தானே டொக்டரிடம் நாள் எடுத்தார்.

அல்ஸைமர் என்றார்கள். நான் மொழிபெயர்க்கக் கூடப்போன மருத்துவமனையில் ஒரு புதிய மருந்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். மூளைக் கலங்களுக்குள் டௌ என்ற புரதம் முறுகிச் சிக்காகி, கலத்துக்குக் கலம் பரவுகிறதாம். பரவும் வழியிலேயே அதைப் பிடிக்கும் பிறபொருளெதிரி, அதாவது அன்ரிபொடி, தான் அந்த மருந்து. சிலருக்கு மருந்து ஏறும், சிலருக்கு வெறும் உப்புநீர்; யாருக்கு எதுவென்று டொக்டருக்கும் தெரியாது. போன ஞாபகம் திரும்பாது, இனிப் போவதைத் தாமதிக்கலாம், அதுவும் நிச்சயமில்லை என்றார் அவர். நான் தமிழில் சொன்னது: "மெல்ல மெல்லச் சுகம் வருமாம் அக்கா."

அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு தன் அரைகுறைப் பிரெஞ்சில் டொக்டரிடமே கேட்டார், சுகம் வருமா என்று. டொக்டர் இல்லையென்று தலையசைத்தார்.

"எனக்கு ஏன் பொய் சொன்னனீ, சுகந்தி?"

"நீங்கள் பயந்திடுவியள் எண்டு..."

"பயப்பிடப்போறது நான். நீ அவர் சொன்னதைச் சொல்லு."

முழுவதையும் திரும்பச் சொல்லவைத்த பிறகுதான் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "எனக்குச் சரிவராட்டி, சரிவராதெண்டாவது அவைக்குத் தெரியவரட்டும்."

மாதாமாதம் போய் ஏற்றிக்கொண்டார். பிறகு, எதிர்பார்த்த பலன் இல்லையென்று பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். அவருக்கு ஏறியது மருந்தா உப்புநீரா என்று எனக்கு இன்றும் தெரியாது. தைத்துக்கொண்டிருக்கும்போதே அது வந்து குடைகிறது, மெஷினை நிறுத்திவிடுகிறேன்.

செய்தி சொல்ல, பியர்ஃபித்தில் அவர் மகளோடு இருந்த வீட்டுக்குப் போனேன். அதற்குள் என்னை யாரென்றே அவருக்குத் தெரியவில்லை. மருந்து மட்டும் ஞாபகம் இருந்தது.

"அது சரிவரேல்லை அக்கா. நிப்பாட்டிப்போட்டினம்."

"அப்ப வேறை ஏதும் பாக்கினமோ, பிள்ளை?"

"ஓம், பாக்கினம்."

தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் மருந்தைப் பற்றி மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் புதிதாக வாடியது. செய்தது சரிதானா என்று இன்னும் தெளியவில்லை.

நேற்று பாரிஸுக்கு வெளியே பொண்டியிலிருந்து ஒரு பெண் அழைத்தார். கணவருக்கு இதே நோய், வேறொரு பரிசோதனை, மொழிபெயர்க்க வரவேண்டுமாம். "அவருக்குக் கொஞ்சம் நல்லமாதிரிச் சொல்லுங்கோ அக்கா" என்றார்.

"ஏலாது. டொக்டர் சொல்லுறதைத்தான் சொல்லுவன்" என்றேன். றெஜினா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது, அவர் சொன்னதைச் சொல்லு என்ற அந்த ஒரு சொல்தான்.