நான்கு தரம் செத்த பிள்ளையின் மிசின் பாட்டு

என் தம்பியின் மகள் ஏழு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் நான்கு தரம் செத்தாள். ஒரு தரம் காய்ச்சலில், ஒரு தரம் ஷெல் விழுந்து, ஒரு தரம் கிணற்றில். கடைசித் தரம் என்ன நோய் வருத்தத்தில் செத்தாள் என்று படம் எடுத்த பொடியளுக்கே தெரியாது. நான்கு தரமும் நான் பக்கத்தில் இருந்தேன். செத்து முடிந்தவுடன் அவளுக்குப் பசிக்கும். நான் கட்டிக்கொண்டு போன ரொட்டியையும் சம்பலையும் அந்த வெள்ளைத் துணியோடேயே இருந்து சாப்பிடுவாள்.

எங்கள் பக்கத்தில் கமரா வைத்திருக்கிற பொடியள் சேர்ந்து குறும்படம் எடுப்பார்கள். பெரிய சினிமா இல்லை. இருபது நிமிடம், அரை மணித்தியாலம். ஆனால் எல்லாப் படத்திலும் ஒரு பிள்ளை அழவேண்டும். கடைசியில் அது சாகவேண்டும். எங்கள் சனத்துக்குப் படம் பார்த்து அழாவிட்டால் பார்த்தது மாதிரி இராது. தம்பியின் மகளுக்கு அழுகை சொன்னவுடன் வரும். எப்படியடி வருகுது என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணைச் சிமிட்டாமல் வச்சிருக்கோணும் மாமி. தன்ரை பாட்டிலை வரும். நான் அந்த நேரம் என்ன யோசிக்கிறனான் எண்டு தெரியுமோ? பின்னேரம் ஐஸ்பழம் வாங்கித் தருவியளோ எண்டு."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கலியாணம் கட்டவில்லை. தம்பி வீட்டில்தான் இருக்கிறேன். தம்பி வெங்காயத் தோட்டம் செய்கிறவன், அவன் பெண்சாதி சாவகச்சேரி ஆசுபத்திரியில் தாதி, விடிய பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் வருவாள். அதனால் பிள்ளையைப் படப்பிடிப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலை என்னிடம் வந்தது. எனக்கு ஆட்களைக் கண்டால் வாய் எழும்பாது. முதல்நாள் ஒரு பலா மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். செத்தவீட்டுக் காட்சிக்கு ஆள் காணாது என்று ஒரு பொடியன் என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் மற்றப் பெண்களோடு இருத்திவிட்டான். கமரா என் பக்கம் திரும்ப, நான் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். வெட்கத்தில் தோள் குலுங்கியது.

"உங்கை பார், அம்மா என்ன வடிவா அழுறா," என்றான் அவன்.

அந்தப் படத்தில் நான் இப்போதும் இருக்கிறேன். முகம் தெரியாது, சீலை தெரியும்.

நான்காவது சாவுதான் எங்களுக்குப் பெரிய சங்கடத்தைக் கொண்டுவந்தது. எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி அடித்துச் சந்தி மதில்களில் ஒட்டுவது வழக்கம். அதையும் படத்தில் காட்டவேண்டும் என்று பொடியள் பிள்ளையின் படத்தைப் பெரிதாகப் போட்டு, சுற்றிவர மாலை வரைந்து, கீழே ஒரு விளக்கும் வைத்து அடித்துக்கொண்டு வந்தார்கள். அதிலே இருந்த பெயர் படத்தில் அவளுக்கு வைத்த பெயர். சந்தி மதிலில் நான்கு ஒட்டினார்கள், அதைப் படம் பிடித்தார்கள், மழை இருட்டிக்கொண்டு வரக் கமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒட்டினதைக் கிழிக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

சைக்கிளில் போகிற சனம் பெயரையா வாசிக்கும்? முகத்தைத்தான் பார்க்கும். கதை இரவோடிரவாகச் சாவகச்சேரி வரைக்கும் போய்விட்டது.

அடுத்தநாள் காலை நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, எங்கள் தெரு ஒழுங்கை முகப்பிலேயே ஒப்பாரி கேட்டது. சாவகச்சேரியில் இருந்து தம்பி பெண்சாதியின் பெரியம்மா வான் பிடித்து வந்திருந்தா. கூட ஏழெட்டுப் பேர், எல்லாரும் வெள்ளைச் சீலை. பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டு, "என்ரை குஞ்சே, பால்குடி மறக்க முந்திப் போனியோ," என்று பாடிக்கொண்டு படலையைத் திறந்தா. பிள்ளை அப்போது முற்றத்தில் நின்று மாங்காய்க்கு உப்பும் தூளும் தொட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது பன்னிரண்டு.

பெரியம்மா அவளைக் கண்டா. வாய் நின்றது. பிறகு அந்த அழுகையிலேயே பேசத் தொடங்கினா.

"அறுவாளே, நீ நிண்டு மாங்காய் தின்னுறாய். நான் வானுக்கு வாடகை குடுத்தெல்லோ வந்தனான்."

பிள்ளை பயப்படவில்லை. மாங்காயைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டப் போனாள். "பெரியம்மம்மா, முதல்லை அழுதமாதிரி இன்னொருக்கா அழுங்கோ. அந்தக் 'குஞ்சே'யிலை இழுத்தனீங்கள், அது எப்பிடி?"

வந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. செத்தவீட்டுக்கு வந்த எல்லோரும் எங்கள் வீட்டில் சோறு சாப்பிட்டார்கள். மச்ச மாமிசம் தொடமாட்டோம் என்று வந்தவர்கள் மத்தியானம் மீன்குழம்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். செத்தது என்று கதை பரவினால் ஆயுசு கூடுமாம் என்று பெரியம்மாவே சொல்லிப் பிள்ளைக்குக் கண்ணூறு நாவூறு கழித்துவிட்டுத்தான் வான் ஏறினா. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. சங்கதி கேள்விப்பட்டு, ஒட்டினதைச் சுரண்டி எடுக்க வாளியோடு வந்து நின்ற பொடியளைப் பார்த்து, "இனி என்ரை பிள்ளை சாகமாட்டாள். சாகாத வேசம் இருந்தால் வாங்கோ," என்று சொல்லிவிட்டான். அப்படி ஒரு வேசம் அவர்களிடம் இருக்கவில்லை. அவள் நடிப்பு அதோடு நின்றது.

ஆனால் அந்த ஒப்பாரி நிற்கவில்லை. குளிக்கும்போதும் பிள்ளை அதைத்தான் முனகுவாள். தாய் பேசுவாள், வீட்டுக்குள் உந்தச் சத்தம் ஆகாது என்று. அவள் அதற்கும் வழி கண்டுபிடித்தாள். ராகத்தை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றினாள். "என்ரை புட்டே, ஆற முந்திப் போனியோ" என்று பாடிக்கொண்டு புட்டைத் தின்பாள். தாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது.

படத்துக்கு இசை போட்ட ஒரு பொடியன் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து போவான். அவன் அந்தப் புட்டுப் பாட்டைக் கேட்டுவிட்டுத் தம்பியிடம் சொன்னான்.

"ஐயா, இவளுக்கு நல்ல காது. நடிக்க வேண்டாம். பாட விடுங்கோ."

"அதிலை சாகத் தேவையில்லைத்தானே?"

"இல்லை ஐயா."

அளவெட்டியில் ஒரு வாத்தியாரிடம் நான்கு வருடம் சங்கீதம் படித்தாள். அங்கேயும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வாத்தியார் வீட்டு விறாந்தையில் இருந்து கேட்டுக் கேட்டு எனக்கே சில வர்ணம் பாடமாகிவிட்டது. வெளியில் பாடமாட்டேன். பிறகு அந்த இசைக்காரத் தம்பியோடு சேர்ந்து கணினியில் பாட்டுச் செய்யத் தொடங்கினாள். பொப் பாட்டு என்கிறார்கள். பழைய மெத்தைகளைச் சுவரில் சாத்தி ஒரு அறை. அவள் பாடும்போது மின்விசிறி போடக்கூடாது, நான் இருமக்கூடாது. தெருவில் பாண் விற்கிற ஓட்டோ பாட்டோடு வரும். அது போய் முடியும்வரை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு தொடங்குவாள். பத்தொன்பது வயதில் முதல் பாட்டைப் போனில் எல்லோரும் பார்க்கிறமாதிரிப் போட்டாள். இருபதில் கொழும்பில் மேடை. இருபத்தொன்றில் கனடாவுக்குப் போய்ப் பாடிவிட்டு எனக்கு ஒரு தடித்த சுவெட்டர் வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் வெயிலுக்கு அதைப் போட்டுப் பார்த்தது ஒருநாள்தான்.

எல்லாம் துள்ளுகிற பாட்டு. அவள் பாட்டைக் கேட்டால் கால் தன்பாட்டில் ஆடும். ஆனால் எங்கள் ஊரில் ஒருவரும் அவளை அப்படிப் பார்க்கவில்லை. சந்தையில் கண்டால், "ஐயோ, இந்தப் பிள்ளை செத்தபோது நான் ரண்டு நாள் சாப்பிடேல்லை," என்று கையைப் பிடித்துக்கொண்டு உச்சுக் கொட்டுவார்கள். கோயிலிலும் அப்படித்தான்.

போன வருடம் எங்கள் வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு அவளைப் பாடக் கேட்டு வந்தார்கள். ஊரில் முதல் மேடை. தலைவர் கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"பிள்ளை, அந்தக் கிணத்துப் படத்திலை வாற பாட்டைப் பாடினால் சனம் உருகும்."

"அதிலை நான் பாடேல்லை அண்ணை. செத்துத்தான் போனனான்."

"ஓம் ஓம். எண்டாலும் ஒரு சோகப் பாட்டு."

"என்னட்டைச் சோகப் பாட்டு இல்லை அண்ணை."

அவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

விழாவுக்கு முதல்நாள் நானும் அவளும் இருந்து வெங்காயத்தின் தாளை அரிந்தோம். அவள் கை நின்றது.

"மாமி, கொழும்பிலை எழும்பி ஆடுதுகள். கனடாவிலை கிழவியளும் ஆடுதுகள். எங்கடை சனத்துக்கு மட்டும் நான் இன்னும் வெள்ளைத்துணிக்குள்ளை. நாளைக்கு ஒருக்கால் சிரிக்கட்டும். சிரிக்காட்டில் நான் இஞ்சை இனிப் பாடமாட்டன். வெளியிலைதான்."

"வெளியிலை எண்டால்?"

"கொழும்புக்குப் போய் இருந்திடுவன்."

நான் அடுத்த பிடியை எடுத்து அரிந்தேன். கண் எரிந்தது. வெங்காயம்தான் என்று சொன்னேன்.

அவள் பாட எடுத்திருந்தது தம்பியின் மிசினைப் பற்றிய பாட்டு. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க இப்போது எல்லோரும் கரண்டு மோட்டருக்கு மாறிவிட்டார்கள். தம்பி மட்டும் அந்தப் பழைய மண்ணெண்ணெய் மிசினை விடமாட்டான். கயிற்றைச் சுற்றி இழுத்து இழுத்துத்தான் அதை எழுப்பவேண்டும். அது எழும்புகிற வரைக்கும் அவன் அதை ஏசிப் பேசுகிற பேச்சு மூன்று ஒழுங்கைக்குக் கேட்கும். பாட்டு இப்படிப் போகும்:

கயிறைச் சுத்து, காலை ஊண்டு,
இழு இழு இழு.
மண்ணெண்ணெய் விட்டாச்சு, வாயும் விட்டாச்சு,
இழு இழு இழு.

விழா பின்னேரம் நான்கு மணிக்கு. வாசிகசாலை முற்றம் நிறையச் சனம். முன்வரிசையில் பெண்கள். நான் மூன்றாவது வரிசையில் ஓரமாக இருந்தேன். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, எங்கள் எல்லோரையும் கண்ணீரில் ஆழ்த்திய செல்வி என்று தொடங்கி, அவள் செத்த படங்கள் நான்கையும் வரிசையாகச் சொன்னார். எனக்கு முன்னால் இருந்த மனிசி கைப்பையைத் திறந்து கண் துடைக்கிற லேஞ்சியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா.

இசைக்காரத் தம்பி மேளச் சத்தத்தைப் போட்டான். பிள்ளை பாடத் தொடங்கினாள். ஆடிப் பாடினாள். சனம் பிரசங்கம் கேட்கிறமாதிரி இருந்தது. லேஞ்சிக்காரி முகத்தைச் சோகமாகவே வைத்துக்கொண்டு, "பாவம், தோட்டக்காரர் படுற கஸ்ரத்தைச் சொல்லுது," என்று பக்கத்தில் இருந்தவவுக்குச் சொன்னா. முதல் சுற்று முடிந்தது. ஒருவரும் அசையவில்லை. பிள்ளையின் சிரிப்பு ஒரு பக்கம் இழுபட்டதைக் கண்டேன்.  இவள் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

இரண்டாம் தரம் "மண்ணெண்ணெய் விட்டாச்சு" என்று அவள் பாட, பின்னால் இருந்து ஒரு வயதுபோனவர் எழும்பினார்.

"பிள்ளை, மண்ணெண்ணெயிலை மிசின் ஸ்ராட் வராது."

பாட்டு நின்றது. மேளம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப எதிலை பெரியப்பா வரும்?" என்று அவள் ஒலிவாங்கியிலேயே கேட்டாள்.

"முதல் பெற்றோல் விடோணும். சூடு ஏறினாப் பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்திறது."

"முதல் குழாய்க்குத் தண்ணி வார்க்காமல் என்னத்தை இழுக்கிறது," என்று மற்றப் பக்கத்தில் ஒருவர் எழும்பினார். "காத்துத்தான் வரும்."

"அவளின்ரை அப்பர் அப்பிடித்தான் இழுக்கிறவர்," என்றா எங்கள் ஒழுங்கை மனிசி ஒருத்தி. "அதுதான் மிசினிலை காத்து, அவரின்ரை வாயிலை மழை."

அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. முன்வரிசை, பின்வரிசை, மதிலில் ஏறி இருந்ததுகள், எல்லாம். லேஞ்சிக்காரி குனிந்து குனிந்து சிரித்தா. தம்பிக்குப் பொறுக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே மேடையில் ஏறினான். மகளின் கையில் இருந்த ஒலிவாங்கியை வாங்கினான்.

"நான் பிழையா இழுக்கிறேல்லை. இவளுக்குத்தான் தெரியாது. முதல் தண்ணி. ரண்டாவது பெற்றோல். மூண்டாவது கயிறு. சூடு வந்தால் மண்ணெண்ணெய்."

இசைக்காரத் தம்பி மேளத்தை நிறுத்தவில்லை. தம்பியின் சொல் ஒவ்வொன்றும் அடிக்கு அடி விழுந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. சனத்துக்கு விளங்கவில்லையோ என்று இன்னொரு தரம் சொன்னான். முதல் தண்ணி, ரண்டாவது பெற்றோல். சனம் முழுக்க "இழு இழு இழு" என்றது. பிள்ளை அவன் பக்கத்தில் நின்று கயிறு இழுக்கிறமாதிரி ஆட, பொடியளும் எழும்பி இழுத்தார்கள். தலைவரும் கதிரையில் இருந்தபடி கையால் இழுத்தார். அந்தப் பாட்டை அன்று நான்கு தரம் பாடவைத்தார்கள். மூன்றாம் தரத்தில் இருந்து சரியான ஒழுங்கில் பாடினாள்.

தம்பி இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தான். வியர்த்துக் கொட்டியது.

"அக்கா, நான் என்ன, பாடினனானே?"

"இல்லைத் தம்பி. நீ சொன்னனீ."

"அதுதானே. ஆரும் கேட்டால் அப்பிடிச் சொல்லு."

அடுத்த கிழமை மெத்தை சாத்தின அறைக்குள் அவனை இருத்தி அதையே திரும்பச் சொல்லவைத்தார்கள். சொல்லத்தானே என்று போனவன் மத்தியானச் சாப்பாட்டுக்கும் வெளியே வரவில்லை. கதவில் காது வைத்துக் கேட்டேன். 'ரண்டாவது பெற்றோல்' வருகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாடினால் நல்லாயிருக்கும் என்று அவன்தான் இசைக்காரத் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.