காக்கா ஓட்டியவனும் ராஜாவின் பைத்தியமும்

1. முதல் உத்தியோகம்

காக்கா ஓட்டுவதுதான் டாக்கி என்கிற பேசும் படத்தில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். சிரிக்காதீர்கள். அப்போது விளக்குப் போட்டுப் படம் எடுக்கும் வசதி எல்லாக் கம்பெனிக்கும் கிடையாது. அடையாற்றில் ஒரு பங்களாத் தோட்டத்தில் தட்டியும் துணியும் கட்டி அரண்மனை எழுப்பி, வெயில் வெளிச்சத்தில் எடுப்போம். தோட்டம் முழுக்க மாமரம், மாமரம் முழுக்கக் காக்கை. மைக்குக்கு ராஜா பேசுவதும் ஒன்றுதான், காக்கா கத்துவதும் ஒன்றுதான். அதனால் காக்கா ஓட்டத் தனியாக ஓர் ஆள்.

மற்ற கம்பெனிகளில் துப்பாக்கி வைத்திருந்தார்கள். நான் ஊரூர் மீனவக் குப்பத்துக்காரன், எனக்கு எதற்குத் துப்பாக்கி? காலையில் ஒரு கூடை மீன் குடலைக் கொண்டுவந்து, சுவருக்கு அந்தப் பக்கம் தொலைவில் ஆற்றோரமாகக் கொட்டிவிடுவேன். தோட்டத்துக் காக்கை மொத்தமும் அங்கே பந்திக்குப் போய்விடும். டைரக்டர் மயிலாப்பூர்க்காரர், சுத்த சைவம். என்னைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொள்வார். ஆனாலும் வேலை நடந்ததால் பொறுத்துக்கொண்டார்.

2. கெக்கெக்கே

கதை ஒரு ராஜாவைப் பற்றியது. போருக்குப் போன மகன் திரும்பவில்லை. ராஜாவுக்குப் புத்தி பேதலித்துப் போகிறது. ராஜாவாக நடித்தவர் நல்லமுத்து. மதுரைப் பக்கம் நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் போட்டுப் பேர் வாங்கியவர். நாடகத்தில் பைத்தியம் என்றால் தலையை விரித்துப் போட்டு, சட்டையைக் கிழித்துக்கொண்டு, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி சிரிக்க வேண்டும். டைரக்டருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

நல்லமுத்து சிரித்தார். அடேயப்பா, என்ன சிரிப்பு. ஆற்றோரத்தில் குடல் தின்றுகொண்டிருந்த காக்கை அத்தனையும் இரையை விட்டுவிட்டு எழும்பி, அரண்மனைக்கு மேலே வட்டம் போட்டுக் கத்தின. காதில் குழாய் மாட்டியிருந்த சவுண்டு இன்ஜினியர் கையை ஆட்டிவிட்டார். டேக் போச்சு. மறுபடி சிரித்தார், மறுபடி காக்கை. இப்படியே ஐந்து டேக். வெயிலும் மாமரத்துக்குப் பின்னால் இறங்கத் தொடங்கிவிட்டது.

டைரக்டர் என்னிடம் வந்தார்.

"ஏண்டா, உன்னை எதுக்கு வெச்சிண்டிருக்கு? இன்னிக்கு இந்த சீன் முடியலேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

வீட்டில் அம்மா, அண்ணன், நான். அண்ணனுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு புத்தி சரியில்லை. வேலைக்குப் போகிறவன் நான் ஒருவன்தான்.

மோர் குடிக்க மர நிழலுக்கு வந்த நல்லமுத்து, "ஏம்ப்பா, என் சிரிப்பு காக்காவுக்கே பிடிக்கலையா?" என்றார். நல்ல மனுஷர், கோபமே வராது. எனக்கோ வேலை போகிற ஆத்திரம். வாய் தவறி வந்துவிட்டது.

"கோச்சிக்காத வாத்தியாரே. எங்கண்ணனுக்கு மூணு வருசமா புத்தி சரியில்ல. ஒரு நாளு கூட அவன் இப்பிடி சிரிச்சதில்ல."

அவர் மோரைக் கீழே வைத்தார். "பின்னே என்ன செய்வாரு?"

"இன்னா செய்வான்? ஒரே வலையப் பின்னிக்கினு இருப்பான். சாயங்காலம் பிரிச்சிடுவான். காலீல மறுபடி பின்னுவான். வர்றவன் போறவனை எல்லாம், தண்ணி எப்பிடி கீதுன்னு கேப்பான். அவ்ளோதான்."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"நாங்க இன்னா சொல்றது? கம்முனு பூடுவோம்."

"எப்படிப் பின்னுவாரு? காட்டு."

என் தலைத்துண்டின் நூலை உருவி, விரலில் சுற்றி வலைக்கண்ணி போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு தடவை பார்த்தார். எழுந்து டைரக்டரிடம் போய்ச் சொன்னார்.

டைரக்டர் குதித்தார். "நூல் பின்னினா பைத்தியம்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? ராஜாவா, நெசவாளியா?"

"ஒரே ஒரு தடவை எடுத்துப் பாருங்கய்யா. கெட்டுப்போச்சுன்னா பழி என் மேல இருக்கட்டும்," என்றார் நல்லமுத்து.

மெதுவாகத்தான் பேசப் போகிறேன் என்றார். அப்படியானால் மைக் இன்னும் கிட்டே வர வேண்டும். மைக் கட்டிய மூங்கிலைப் பிடிக்க ஆள் போதவில்லை. "காக்காவை விடு, இங்கே வா," என்று சவுண்டு இன்ஜினியர் என்னை இழுத்து மூங்கிலைக் கையில் கொடுத்தார். நான் பிடித்த முதல் மைக் அது.

ராஜா சிம்மாசனத்துப் படியில் உட்கார்ந்து, பட்டு அங்கவஸ்திரத்துக் கரையிலிருந்து நூலை உருவிக் கண்ணி போட்டார். வந்த சேவகனை நிமிர்ந்து பார்த்து, "கோட்டைக் கதவு திறந்தாச்சா?" என்றார். அவன் பேசாமல் போனான். அடுத்தவன் வந்தான். அதே கேள்வி, அதே அமைதியான குரல். தலைக்கு மேலே மூங்கிலோடு நின்ற எனக்கு, என் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. ஆற்றோரத்துக் காக்கை ஒன்றுகூட எழும்பவில்லை. சவுண்டு இன்ஜினியர் ஓகே என்றார்.

3. கண்ணி

வேலை தப்பியது. ஆனால் படம் வெளிவந்தபோது வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. சனங்கள் ராஜாவைப் பார்த்துச் சிரித்தால், அது என் அண்ணனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புதானே? அவனை விற்றுவிட்டேனோ என்று இருந்தது.

மயிலாப்பூர் டெண்டுக் கொட்டகையில் மணல் டிக்கெட்டில் அம்மாவையும் அண்ணனையும் உட்கார வைத்தேன். அந்தக் கட்டம் வந்தது. முன்னால் இருந்த ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். துணைக்கு ஆள் சேராததால் நிறுத்திக்கொண்டான். அண்ணன் கழுத்தை நீட்டிப் படத்தையே பார்த்தான்.

"டேய்," என்றான், "மூணாவது கண்ணிய உட்டுட்டான் பாரு. அந்த ஓட்டைல எல்லா மீனும் பூடும்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு, கூடவே அழுகை.

இதை நல்லமுத்துவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எந்தக் கண்ணி?" என்று கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்கே வந்துவிட்டார். அண்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

"தண்ணி எப்பிடி கீது?"

நல்லமுத்து கடலை நன்றாகப் பார்த்தார். "கொஞ்சம் கலங்கலா இருக்கு. அலை பெரிசில்ல," என்றார்.

"அப்ப நாளைக்குத் தெளிஞ்சிடும். குந்து," என்று அண்ணன் நூலை அவர் கையில் கொடுத்தான்.

அதற்குப் பிறகு மைக் பிடித்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இப்போது மைக் பிடிக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். பைத்தியக்கார வேஷம் என்று யாராவது கத்த ஆரம்பித்தால், மைக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். தானாகக் குரல் இறங்கும். இறங்கிய குரலில் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுங்கள். மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கொடுக்கவில்லை.

நல்லமுத்து வந்துபோன மறுநாள் காலை குடல் கூடையோடு கிளம்பினேன். அண்ணன் வழக்கம்போலக் கேட்டான். நான் நின்று, கடலைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"தெளிஞ்சிகினு வருதுண்ணா."