தோசைத் திருப்பியால் சுரண்டிய முகம்

போன வாரம் எங்கள் ஊர் சாரத்தில் ஒருவர் கோச்சிங் சென்டர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். காய்ச்சிய மைதாப் பசையின் வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இந்த வயதில் பசை வாசனைக்குப் பசித்தால்கூடப் பரவாயில்லை, நான் கக்கூஸ் தேடினேன். சிரிக்காமல் காரணத்தைக் கேளுங்கள்.

ஒரு காலத்தில் போஸ்டர் ஒட்டுவதுதான் என் உத்தியோகம். இலங்கையில் சண்டை நடந்த நேரம். அதில் செத்த பையன்களின் முகங்கள்தான் இங்கே சுவரெல்லாம், மேலே ‘வீரவணக்கம்’ என்று கொட்டை எழுத்தில். அங்கே தோற்ற சண்டையும் எங்கள் சுவரில் வெற்றிதான். பசையில் மயில்துத்தம் கலப்பது என் கைப்பக்குவம். “வருசமானாலும் உரியாதுண்ணே” என்று பீற்றிக்கொள்வேன்.

கூட ஒட்டிய யோகன் யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவன். அவன் பேச்சுக்கு டீக்கடையில் தனி மவுசு. “இன்னொரு வாட்டி கதைப்பா, கேப்போம்” என்று வடை வாங்கித் தருவார்கள். ஒருநாள் வந்த போஸ்டர் கட்டுக்குள் அவன் தம்பியின் முகம் இருந்தது. நான் ஒட்டினேன். அவன் நான்கு மூலையையும் தடவிவிட்டான்.

பிறகு இந்தப் பக்கம் ஒரு குண்டு வெடித்துத் தலைவர் ஒருவர் செத்தார். விடிந்தபோது ஊர் வேறு ஊராக இருந்தது. வடை வாங்கித் தந்த ஊர், சிலோன்காரன் எவன் இருக்கிறான் என்று தடியோடு தெருத்தெருவாகத் தேடியது. நான் அடுப்படியிலிருந்த தோசைத் திருப்பியைத் தூக்கிக்கொண்டு சுவருக்கு ஓடினேன். உரியவில்லை. தன் வேலைத் திறமையைப் பார்த்துத் தானே அழுதவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வாளித் தண்ணீரோடு வந்த யோகனிடம், “வாயத் தொறந்தா எங்களாட்டம் பேசு, இல்லன்னா செத்த” என்றேன்.

எங்களை முன்பின் தெரியாத நாலு பேர் வந்து நின்றார்கள்.

“நீ எந்த ஊருடா?”

“சாரம்தாண்ணே.”

“சொவத்துல இருக்கறவன் யாரு?”

“எவனோ பரதேசிண்ணே. செத்து ஒழிஞ்சான்.”

சொல்லிவிட்டு யோகன் என் கையிலிருந்த திருப்பியை வாங்கி, தம்பியின் கண்ணிலிருந்து சுரண்ட ஆரம்பித்தான். அவர்களுக்குத் திருப்தி. ஒருவன் பீடி நீட்டினான். யோகன் வாங்கிப் பற்றவைத்துக்கொண்டான். நான்தான் கக்கூஸ் தேடி ஓடினேன்.

பிழைத்தான். ஆனால் அன்று பிடித்த எங்கள் பேச்சை அப்புறம் விடவேயில்லை, என்னோடு தனியாக இருந்தபோதும்.

வருடங்கள் கழித்து யாழ்ப்பாணத்துக்குப் போன் லைன் கிடைத்தது. மூலக்குளத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத். இப்போது அந்தப் பூத்தும் இல்லை, போஸ்டர் ஒட்டிய சுவரும் இல்லை. யோகன் ரிசீவரை எங்கள் இரண்டு பேர் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டான்.

“அம்மா, நான்தாம்மா யோகன் பேசறேன். எப்பிடிம்மா இருக்க?”

“ஆர் கதைக்கிறது?”

“யோகன்மா.”

“என்ர பிள்ளை இப்பிடிக் கதைக்க மாட்டான். எங்களை விட்டிடுங்கோ, தம்பி.”

வைத்துவிட்டார். திரும்ப நம்பரைப் போடு, உங்கள் ஊர் மாதிரியே பேசு என்று அவனைப் பிடித்து உலுக்கினேன். வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

“வரலடா” என்றான்.