உதட்டுக்குள் அத்தை

எங்கள் வீட்டில் காக்காவை முந்திக்கொண்டு படையலில் கைவைத்தவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா மில்லில் வேலை பார்த்தார். சாரம் என்கிற பகுதியில் வாடகைக்கு இருந்தோம். கன்னத்தில் புண் வந்து செத்துப்போன அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, அமாவாசைதோறும் அம்மா இலை போடுவாள். அத்தை உயிராக நினைத்த வெற்றிலையும் புகையிலையும் இலையின் ஓரத்தில் இருக்கும். புகையிலையைத் தொடும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. அம்மா காக்காவைக் கூப்பிட வெளியே போன நேரத்தில் வெற்றிலையையும் பாக்கையும் வாயில் திணித்து அவசரமாக மென்றேன். கீழுதடு நறுக்கென்று கடிபட்டது.

நாலைந்து நாளில் உதட்டின் உள்பக்கம் ஒரு குமிழ் எழும்பியது. வலியே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் லேசான நீலம். நாக்கால் தொட்டால் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. வெற்றிலையைத் தேடி வந்த அத்தை உள்ளே உட்கார்ந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கவே மாட்டேன்; நான் திருந்திவிட்டதாக டீச்சர் நினைத்தார்.

ஒரு மத்தியானம் குமிழ் தானாக உடைந்து வாயெல்லாம் கொழகொழவென்று ஆனது. அத்தை போய்விட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த அமாவாசைக்குள் அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டாள், முன்னைவிடப் பெரிதாக. இனி நானும் சாகத்தான் வேண்டும் என்று அழுதுகொண்டே அம்மாவிடம் போனேன்.

"அத்த வெத்தலைய நான் தின்னுட்டேம்மா."

அம்மா அடிக்கவில்லை. உதட்டைப் பிதுக்கி வெகுநேரம் பார்த்தாள். "அப்பாகிட்ட சொல்லாத. நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போவலாம்."

டாக்டர் குமிழை விரலால் அழுத்திப் பார்த்தார். "பல்லு பட்டுச்சா?" தலையாட்டினேன். "எச்சில் வர்ற சின்னக் குழாய் கிழிஞ்சிருக்கு. வெளிய வர வழியில்லாம உள்ளயே தேங்குது. உடைச்சுவிட்டா திரும்ப வரும். அடியில இருக்கற சுரப்பியோட சேத்து எடுத்துடணும்."

"இவ அத்தைக்கு வந்த மாதிரி இல்லையே டாக்டர்?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, பயப்படாதீங்க."

மரத்துப்போக ஓர் ஊசி, இரண்டு தையல். அத்தை ஒரு கிண்ணத்தில் பட்டாணி அளவுக்குக் கிடந்தாள். நான் நாற்காலியிலிருந்து இறங்கியதும் அம்மா அதில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள். டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்து அவளுடைய கன்னத்தின் உள்பக்கத்தைப் பார்த்தார். என்னிடம் பேசியதுபோல அவளிடம் பேசவில்லை.

"வீட்டுக்காரர நாளைக்கே கூட்டிட்டு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

என் தையலைப் பிரிக்கத்தான் அப்பாவை வரச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிரிக்கும்போது வலிக்குமா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். வலிக்காது, வலிக்காது என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள்.