திங்கட்கிழமை வாசகர்

ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார என்னால் முடியாது. இப்படிப்பட்டவள் முப்பத்தெட்டு வயதில் இறையியலில் முதுகலை ஆய்வு செய்யப்போகிறேன் என்று கிளம்பியபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். கணவர் மட்டும் சிரிக்காமல், மதுரை கே.கே. நகரிலிருந்து கல்லூரி நூலகத்துக்கு ஸ்கூட்டரில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் ஒவ்வொரு சிக்னலையும் திட்டிக்கொண்டேதான் போவேன்.

நூலகத்திலும் அதே கதைதான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெயில் அடிக்கும், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் தாள் பறக்கும். ஒரு காலைப்பொழுதில் மூன்று மேசை மாறுவேன். நூலகர் அம்மா கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் முக்கியம். படித்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட வேண்டும், அலமாரியில் நாமாக வைக்கக் கூடாது. இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம்தான் என்று புதிதாக வரும் ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார்.

அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிரைப் பொறுக்கிக்கொள்ள ஏழைகளுக்கு வேதம் கொடுத்த உரிமையைப் பற்றியது என் ஆய்வு. அதற்கு ஒரு புத்தகம் இல்லாமல் ஒரு அடி எடுத்துவைக்க முடியாது. அந்தக் கால விவசாயம், நிலம், கூலி பற்றி வெளிநாட்டில் அச்சான தடித்த ஆங்கிலப் புத்தகம். நூலகத்தில் ஒரே பிரதி. முதுகில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கும். அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஜெராக்ஸ் ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம்தான். இணையத்தில் தேடினால் அட்டையையும் முன்னுரையையும் காட்டிவிட்டு, நமக்கு வேண்டிய இடம் வந்ததும் பக்கங்களை விழுங்கிவிடும். நூலகர் அம்மா பெங்களூருவில் உள்ள ஒரு நூலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக்கூடக் கேட்டார். பதில் வரவில்லை.

அதே புத்தகம் இன்னொருவருக்கும் வேண்டியிருந்தது. பரவையைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமத்தில் சிறிய சபைக்குப் போதகர் அவர். முப்பது வயதிருக்கும். போதகர்களுக்கு ஞாயிறு முழுக்க வேலை என்பதால் திங்கட்கிழமைதான் ஓய்வு நாள். அந்த ஒரு நாளில் இரண்டு பஸ் மாறி நூலகத்துக்கு வருவார். அவருடைய சபையில் பாதிப்பேர் வயலில் கூலி வேலை செய்கிறவர்கள். கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்காமல் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும் என்ற பழைய சட்டத்தைப் பற்றி அவரும் எங்கள் கல்லூரியில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். பத்து மணிக்குப் புத்தகத்தை எடுத்தால் மூன்றரை மணி பஸ்ஸுக்குத்தான் எழுந்திருப்பார். அவ்வளவு நேரத்தில் பதினைந்து பக்கம்கூடத் தாண்டியிருக்க மாட்டார். எதிரில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாரத்தின் மற்ற நாளெல்லாம் அது என் கையில்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை என் வழிகாட்டி இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடிக்குறிப்புகள் போதாது, செவ்வாய்க்கிழமைக்குள் சரிசெய்து தரவேண்டும் என்றார். சனியும் ஞாயிறும் நூலகம் கிடையாது. திங்கட்கிழமை போதகர் வந்து உட்கார்ந்துவிட்டால் என் கதி அவ்வளவுதான். சாயங்காலம் கிளம்புவதற்கு முன் புத்தகத்தைத் துப்பட்டாவுக்குள் மறைத்து மாடிக்குக் கொண்டுபோனேன். அங்கே பழைய சபைப் பத்திரிகைகளை வருஷவாரியாக பைண்ட் செய்து அடுக்கியிருப்பார்கள். யாரும் தொடுவதில்லை. அடித்தட்டில் அந்தத் தொகுதிகளுக்குப் பின்னால் புத்தகத்தைத் தள்ளிவைத்தேன். எங்கள் நூலகத்தில் இது ஒன்றும் புதிதில்லை. கிரேக்க அகராதியைக் கீர்த்தனைப் புத்தகங்களுக்கு நடுவே சொருகிவைத்த மாணவரை எனக்குத் தெரியும். ஆய்வு மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு பொந்து உண்டு, அதை யாரும் திருட்டு என்று சொல்லமாட்டோம்.

திங்கட்கிழமை நான் மாடிக்கு ஏறப்போன நேரத்தில் போதகர் எதிரே வந்து நின்றார்.

“அக்கா, அந்தக் கூலி பத்துன புக்கப் பாத்தீங்களா? போன வாரம் இங்கனதான் இருந்துச்சு.”

“இல்லையே தம்பி. நானும் அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.”

முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் கூசாமல் இரண்டாவதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். நம்பியதோடு தன் நிலைமையையும் சொன்னார். மாதக் கடைசிக்குள் மூன்றாம் அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும், ஏற்கெனவே ஒருமுறை தவணை வாங்கியாகிவிட்டது, இந்த முறை தவறினால் பதிவையே ரத்துசெய்துவிடுவார்கள். அந்த அத்தியாயம் முழுக்க இந்தப் புத்தகத்தை நம்பித்தான் நிற்கிறது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பார்ப்போம் தம்பி, எங்கே போய்விடப்போகிறது என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன்.

கீழே நூலகர் அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தேடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் மேலே பதினோரு அடிக்குறிப்பு எழுதினேன்.

மறுநாளே எடுத்து மேசையில் வைத்துவிடுவதாகத்தான் நினைப்பு. ஆனால் வழிகாட்டி இன்னும் சில இடங்களைக் குறித்துக் கொடுத்தார். இன்னும் ஒரு வாரம்தானே என்று விட்டேன். அடுத்த திங்கட்கிழமை நூலகர் அம்மா அந்தப் புத்தகத்தைக் காணாமல்போனவை பதிவேட்டில் ஏற்றிவிட்டார். அத்தோடு நான் மாட்டிக்கொண்டேன். இனி வெளியே எடுத்தால் எங்கே கிடைத்தது என்று கேட்பார்.

மூன்றாவது திங்கட்கிழமை போதகர் வேறு ஏதோ பழைய புத்தகத்தோடு உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்கு அதை மூடிவைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் கிளம்பிப் போனார். நான்காவது திங்கட்கிழமை வரவே இல்லை.

முதலில் அப்பாடா என்றிருந்தது. அது மத்தியானம்வரைகூட நிற்கவில்லை. அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிம்மக்கல்லில் மளிகை வாங்கப் போனவள் பாதிச் சாமானை மறந்துவிட்டு வந்தேன். மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது காரணமில்லாமல் கத்தினேன். கணவரிடம், யாரோ ஒரு மாணவி இப்படிச் செய்துவிட்டாளாம் என்று கதைபோலச் சொல்லிப்பார்த்தேன். அவருடைய ஆபீசிலும் ஃபைலை இப்படித்தான் ஒளித்துவைப்பார்கள் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூலியை இரவு தாண்டி வைத்திருக்கக் கூடாது என்று படிக்கிற மனிதனின் புத்தகத்தை நான் ஒரு மாதமாகப் பிடித்துவைத்திருந்தேன், அதுவும் ஏழைகளின் உரிமையைப் பற்றி எழுதுவதற்காக. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாடியில் உட்கார்ந்து, கூலி பற்றிய அத்தியாயம் முழுவதையும் செல்போனில் படமெடுத்தேன். சனிக்கிழமை போதகரின் ஊருக்கே போய் நேரில் சொல்லிவிடுவது என்று ஸ்கூட்டரை எடுத்தேன். பரவை மார்க்கெட் பக்கம் காய்கறி லாரிகள் ரோட்டை அடைத்து நின்றன. ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்தேன். அவர் வீட்டு வாசலில் நின்று முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசித்தேன். இன்னொரு டீ குடித்தேன். லாரி நகர்ந்து வழி கிடைத்தபோது, இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு மதுரைக்கே திரும்பிவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே கத்தரிக்காய் இருந்தது.

கேட்டைத் திறப்பதற்கு முன்னால், வண்டியில் உட்கார்ந்தபடியே எல்லாப் படங்களையும் வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினேன். கீழே, புத்தகம் தொலையவில்லை, நான்தான் மாடியில் ஒளித்துவைத்தேன், உங்களிடம் பொய் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்று எழுதினேன். சாயங்காலம் இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்தில் உட்கார்ந்துதான் இருந்தேன், என்ன பிரசங்கம் நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை கதவு திறந்ததும் போய், புத்தகத்தை மாடியிலிருந்து எடுத்துவந்து நூலகர் அம்மாவின் மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எந்தத் தட்டு என்று மட்டும் கேட்டுக்கொண்டார், பதிவேட்டில் அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். அதன்பிறகு என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

பதினோரு மணிக்குப் போதகர் வந்தார். கோபமாக வருவார் என்று இருந்தேன். நேராக என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்.

“நூத்தி அம்பத்தாறு, அம்பத்தேழு ரெண்டு பக்கம் மட்டும் இல்லக்கா. ரெண்டு தாளச் சேத்துப் பொரட்டிட்டீங்க போல.”

புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவர், பிறகு உட்கார்ந்து படித்தார். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம். குறிப்பு எடுக்கவில்லை. நோட்டே கொண்டுவரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அனுப்பிய படங்களை ராத்திரியோடு படித்துவிட்டு நேற்றுப் பிரசங்கத்தில் அதைத்தான் பேசியதாகவும், அந்த இரண்டு பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல் அரைகுறையாக முடித்ததாகவும் சொன்னார். படித்து முடித்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். படிப்பை விட்டுப் போகிறவர்கள் நூலகத்தில் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்கும் படிவம் அது. அன்றைக்குப் பாதியில் கிளம்பினாரே, அன்றைக்கே விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டாராம்.

என்னால்தானே என்று கேட்டேன்.

அவர் படிவத்தை மேசையில் வைத்து மடிப்பை நீவினார். ஒரு பக்கத்தை எவ்வளவு நேரம் படிப்பாரோ அவ்வளவு நேரம் யோசித்த மாதிரி இருந்தது.

“புக்கு இருந்திருந்தா எழுதி முடிச்சிருப்பேன்னு சொல்ல முடியாதுக்கா. சபையில அம்புட்டு வேலை கெடக்கு. முடிச்சிருக்க மாட்டேன்னும் சொல்ல முடியாது. அது இனிமே யாருக்குமே தெரியாது.”

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழத் தயாராகத்தான் வந்திருந்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அவர் இரண்டும் செய்யாமல் படிவத்தை நூலகர் அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். போதகர் அதை வாங்கிக்கொண்டு, வாரேன்க்கா என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பின் ஒரு திங்கட்கிழமையும் வரவில்லை.

எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. அடிக்குறிப்புகள் விரிவாக இருப்பதாகத் தேர்வாளர் பாராட்டினார். என் ஆய்வேடு இப்போது அதே நூலகத்தில் இருக்கிறது, எண் ஒட்டி, யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். அவருடைய மூன்றாம் அத்தியாயம் எந்த அலமாரியிலும் இல்லை. அது எப்படி வந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன், முதல் வரிகூட எனக்குக் கிடைக்கமாட்டேன் என்கிறது.